யாரும் எழும்பக் கூடாது: கப்பல் எப்படி மிதக்கிறது, ஏன் கவிழ்கிறது

காசல்ரீ நீர்த்தேக்கத்தின் மறுகரைத் தோட்டத்தில் எங்கள் அப்பாயியின் தம்பி குடும்பம் இருந்தது. கரையைச் சுற்றி நடந்தால் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் ஆகும். படகில் போனால் கால் மணித்தியாலம். எனக்குப் பத்து வயது இருக்கும்போது அந்தத் தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்குப் பன்னிரண்டு பேர் ஒரே படகில் ஏறினோம். பொழுது சாயும் நேரம். நடுத்தண்ணீருக்கு வந்தபோது கோயில் வெளிச்சம் தெரிந்தது. "அந்தா தெரியுது" என்று யாரோ எழுந்தார். அவரைப் பார்த்து எல்லோரும் எழுந்தார்கள். படகு ஒரு பக்கம் சாய்ந்தது. சாய்ந்த படகு திரும்பி நிமிரவில்லை, அப்படியே சாய்ந்தபடி நின்றது. பயத்தில் சிலர் எதிர்ப்பக்கம் தாவப் பார்த்தார்கள். படகுக்காரர் தொண்டை கிழியக் கத்தினார்: "யாரும் எழும்பக் கூடாது! தாவாதீங்க! இருந்த இடத்துலயே உக்காருங்க!"

உட்கார்ந்தோம். படகு மெதுவாக நிமிர்ந்தது. கரையேறிய பிறகு அப்பாயி அவருக்கு விபூதி பூசிவிட்டார். ஏன் தாவக் கூடாது, ஏன் உட்கார்ந்ததும் நிமிர்ந்தது என்று யாரும் கேட்கவில்லை.

எனக்கு அதற்கு விடை கிடைக்கப் பதினைந்து வருடமானது. சாதாரண தரத்தோடு படிப்பை விட்டு, கொழும்பில் ஒரு கப்பல் கட்டும் தளத்தில் வெல்டராகச் சேர்ந்தேன். அங்கே கற்றதை இப்போது ஹட்டனில் பிள்ளைகள் கேட்கும்போது சொல்லிக்கொடுக்கிறேன். கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,270 மீற்றர் உயரத்தில் இருக்கும் ஊரில் கப்பலைப் பற்றி எதற்குப் பேச்சு என்று சிலர் சிரிப்பார்கள். கப்பல் ஏறாமல் வந்த குடும்பம் மலையகத்தில் எது?

1820களில் தொடங்கி, தொண்டியிலும் தேவிபட்டினத்திலும் பாம்பனிலும் பாய்மரத் தோணி ஏறி மன்னார்ப் பக்கம் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். 1864 ஆம் ஆண்டு இலங்கைக்கு வரும் வழியில் 'ஆதிலட்சுமி' என்ற கப்பல் மூழ்கி 120 தொழிலாளர்கள் இறந்ததை மலையக வரலாறு எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். நான் படித்த நூல்களில் அந்தச் செய்தி இரண்டு மூன்று வரிகளில் முடிந்துவிடுகிறது. 1914 இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் சேவை தொடங்கியது. அரை நூற்றாண்டுக்குப் பிறகு 1964 ஒக்டோபர் 30 அன்று சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாகி, 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென முடிவானது. அதே வருடம் டிசம்பரில் புயல் தனுஷ்கோடியை அழித்ததால், ஒப்பந்தத்தின் கீழ்ப் போனவர்கள் இராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். ஹட்டனிலிருந்து அவர்களை ஏற்றிச் சென்ற ரயிலுக்கு நம்மவர்கள் வைத்த பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. தலைமன்னாரில் காத்திருந்த கப்பல் 'இராமானுஜம்'. அப்பாயியின் அக்கா அதில்தான் போனார். நாம் பறிக்கும் கொழுந்தும் தூளாகிக் கொழும்பில் கப்பல் ஏறித்தான் போகிறது.

இனி, இரும்பு எப்படி மிதக்கிறது என்பதற்கு வருவோம்.

ஓர் அலுமினியச் சட்டியைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்தால் மிதக்கும். அதே சட்டியை நசுக்கி உருண்டையாக்கிப் போட்டால் தாழும். நிறை மாறவில்லை, அது தள்ளிவைக்கும் தண்ணீரின் அளவுதான் மாறியது. ஒரு பொருள் எவ்வளவு நிறையுள்ள தண்ணீரை இடம்பெயர்க்கிறதோ, அவ்வளவு விசையோடு தண்ணீர் அதை மேலே தள்ளும். பாடசாலையில் மேலுதைப்பு என்று படிக்கும் ஆக்கிமிடிசின் தத்துவம் இது. உருக்கு, தண்ணீரைப் போல ஏறக்குறைய 7.85 மடங்கு அடர்த்தியானது. ஆனால் உருக்குத் தகட்டால் செய்த கப்பல் பெரும்பகுதி காற்று நிறைந்த பெட்டி. 2,000 தொன் கப்பல் மிதக்கிறது என்றால் அது 2,000 தொன் தண்ணீரைத் தள்ளிவைத்திருக்கிறது என்று அர்த்தம். இன்னும் 100 தொன் ஏற்றினால், இன்னும் 100 தொன் தண்ணீரைத் தள்ளும்வரை கீழே இறங்கும். கடல்நீர் நன்னீரை விடச் சுமார் 2.5 சதவீதம் அடர்த்தி கூடியது. ஆகவே அதே பாரத்தோடு கடலில் மிதப்பதை விட ஆற்றிலோ நம் நீர்த்தேக்கத்திலோ கொஞ்சம் ஆழமாகத்தான் மிதக்கும்.

இவ்வளவும் எளிது. மிதப்பதும் நிமிர்ந்து நிற்பதும் ஒன்றல்ல என்பதை விளங்கிக்கொள்ளத்தான் நேரம் எடுக்கும். அதற்கு முன்னால் கப்பல் எப்படிக் கட்டப்படுகிறது என்று பார்த்துவிடலாம்.

ஏராவும் வங்கும்

தமிழில் கப்பல் கட்டும் சொற்கள் இல்லை என்று நினைக்க வேண்டாம். அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பு ஏரா. அதிலிருந்து இருபுறமும் விலா எலும்புபோல எழும்புவது வங்கு. முன்பகுதி அணியம். வல்வெட்டித்துறையில் இந்தச் சொற்களோடு கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பலை ஓர் அமெரிக்கர் வாங்கினார். அது 1938 இல் நம்மவர்களே மாலுமிகளாக இருந்து ஓட்ட, அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் போய்ச் சேர்ந்தது. படம் வரைந்து, கணக்குப் போட்டுக் கட்டியதல்ல, கண்ணும் கையும் பழகிய ஓடாவிமாரின் வேலை.

இரும்புக் கப்பலிலும் எலும்புக்கூடு அதேதான். வேலை செய்யும் முறைதான் வேறு. நான் சேர்ந்தபோது கப்பலை ஏராவிலிருந்து மேல்நோக்கிக் கட்டுவார்கள் என்று நினைத்திருந்தேன். இப்போதெல்லாம் துண்டு துண்டாகக் கட்டுகிறார்கள். தகட்டைக் கணினி இயந்திரம் வெட்டும். அவற்றை ஒட்டி வீடளவு பெரிய பகுதிகளாகச் செய்து, பாரந்தூக்கியால் தூக்கி ஒன்றோடொன்று சேர்ப்பார்கள். பல பகுதிகளைத் தலைகீழாக வைத்தே ஒட்டுவோம். தலைக்கு மேல் பார்த்து ஒட்டுவதை விடக் கீழே பார்த்து ஒட்டினால் ஒட்டு நன்றாக விழும். கழுத்தும் தப்பும்.

கப்பலின் அடி ஒற்றைத் தகடல்ல. வெளித் தகட்டுக்கும் உள் தளத்துக்கும் இடையே ஒரு ஆள் தவழ்ந்து போகும் அளவு இடைவெளி இருக்கும். இதை இரட்டை அடி என்பார்கள். பாறை உரசி வெளித்தகடு கிழிந்தாலும் சரக்கறைக்குத் தண்ணீர் வராது. அந்த இடைவெளியில் எரிபொருளோ அடிப்பாரத் தண்ணீரோ நிரப்புவார்கள். நான் முதல் வருடம் முழுக்க வேலை செய்தது அந்தப் பொந்துக்குள்தான். வெயில் ஏறிய தகடும் வெல்டிங் புகையுமாக இருந்த அந்த இடத்திலிருந்து வெளியே வந்தால் கொழும்புக் காற்றே நுவரெலியாக் காற்றுப்போல இருக்கும்.

அடுத்தது குறுக்குச் சுவர். கப்பலின் உட்புறத்தைத் தண்ணீர் புகாத சுவர்களால் அறை அறையாகப் பிரிப்பார்கள். ஓரறை நிரம்பினாலும் மற்றவை கப்பலைத் தாங்கும். சுவர் இருந்தால் மட்டும் போதாது, போதிய உயரமும் வேண்டும். 1912 இல் டைட்டானிக்கில் முன் அறைகள் நிரம்பி அணியம் தாழ்ந்தபோது, சுவரின் மேல்விளிம்பைத் தாண்டித் தண்ணீர் அடுத்தடுத்த அறைக்கு வழிந்தது. அந்த விபத்தின் விளைவாகத்தான் 1914 இல் 'சோலாஸ்' எனப்படும் கடல் உயிர்ப்பாதுகாப்பு உடன்படிக்கை வந்தது.

கப்பல் வளையும் என்றால் பிள்ளைகள் நம்புவதில்லை. பெரிய அலையொன்று கப்பலின் நடுவில் வரும்போது இரு முனைகளும் தொங்கும். முனைகளில் அலையும் நடுவில் பள்ளமுமாக இருக்கும்போது நடுப்பகுதி தொய்யும். ஒரு பயணத்தில் இது இலட்சக்கணக்கான தடவை நடக்கும். கம்பியை வளைத்து வளைத்து முறிப்பது மாதிரித்தான். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்கா அவசர அவசரமாக ஒட்டிக் கட்டிய லிபர்ட்டிக் கப்பல்களில் பலவற்றில் வெடிப்பு விழுந்தது, சில இரண்டாகவே உடைந்தன. குளிரில் நொறுங்கும் தன்மையுள்ள உருக்கு ஒரு காரணம். தளத்தில் சதுரமாக வெட்டிய துவாரங்களின் கூர்மூலைகளில் இழுவிசை குவிந்தது இன்னொன்று. நான் ஒருமுறை குழாய் போக ஒரு துளையைச் சதுரமாக வெட்டிவிட்டேன். மேற்பார்வையாளர் ஒன்றும் பேசாமல் அந்தத் தகட்டையே கழற்றச் சொன்னார். அன்றிலிருந்து நான் வெட்டும் எந்த மூலையும் வளைவுதான், வீட்டு ஜன்னலுக்குத் தகடு வெட்டினாலும்கூட.

கூடை தெரிந்தவருக்கு ஈர்ப்பு மையம் தெரியும்

கொழுந்துக் கூடையைத் தலையில் கயிறு மாட்டி முதுகில் தொங்கவிட்டுச் சரிவில் ஏறும் எந்தப் பெண்ணுக்கும் பாரம் எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்று தெரியும். கூடை மேலேறினால் ஆள் பின்னால் இழுபடுவார். கப்பலுக்கும் அப்படியொரு புள்ளி உண்டு. கப்பல், சரக்கு, ஆட்கள், எரிபொருள் எல்லாவற்றின் நிறையும் ஒன்றுகூடி ஓரிடத்தில் கீழ்நோக்கி இழுப்பதாகக் கொண்டால் அது ஈர்ப்பு மையம். அதுபோல, தண்ணீர் மேலே தள்ளும் விசை முழுவதும் ஓரிடத்தில் தள்ளுவதாகக் கொண்டால் அது மிதப்பு மையம். தண்ணீருக்குள் இருக்கும் பகுதியின் நடுப்புள்ளி அது.

கப்பல் நேராக நிற்கும்போது இரண்டும் ஒரே செங்குத்துக் கோட்டில் இருக்கும். பெரும்பாலான கப்பல்களில் ஈர்ப்பு மையம் மேலேயும் மிதப்பு மையம் கீழேயும்தான் இருக்கும். அதனால் ஆபத்தில்லை. கப்பல் வலப்பக்கம் சாய்ந்தால் வலப்பக்கம் கூடுதலாகத் தண்ணீருக்குள் போகும். ஆகவே மிதப்பு மையமும் வலப்பக்கம் நகரும். அந்தப் புதிய இடத்திலிருந்து நேர் மேலே ஒரு கோடு இழுத்தால், கப்பலின் நடுக்கோட்டை அது ஓரிடத்தில் வெட்டும். அந்த இடத்துக்குப் பெயர் மெட்டாசென்டர். பிரெஞ்சு அறிஞர் பியேர் பூகேர் 1746 இல் எழுதிய நூலில் விளக்கிய கருத்து இது.

முழு விடயமும் இங்கேதான் இருக்கிறது. மெட்டாசென்டர் ஈர்ப்பு மையத்துக்கு மேலே இருந்தால், சாய்ந்த கப்பலைத் தண்ணீரே நிமிர்த்தும். கீழே போய்விட்டால், தண்ணீரே அதைக் கவிழ்க்கும். இரண்டுக்கும் இடையிலுள்ள உயரத்தை மெட்டாசென்டர் உயரம் என்பார்கள். சர்வதேச கடல்சார் அமைப்பின் விதிகள் சரக்கு, பயணிகள் கப்பல்களுக்குக் கேட்கும் ஆகக்குறைந்த அளவு 15 சென்றிமீற்றர். நூறு மீற்றர் நீளக் கப்பலின் உயிர் ஒரு சாண் உயரத்தில் இருக்கிறது.

அகலம் இதில் பெரிய உதவி. நீர்மட்டத்தில் அகலம் இரட்டித்தால் நிமிர்த்தும் வலுவைத் தரும் அளவு எட்டு மடங்காகும். கட்டுமரம் கவிழ்வது குறைவென்பதற்கும் ஒடுங்கிய வள்ளம் ஆடுவதற்கும் இதுதான் காரணம். அதற்காக மெட்டாசென்டர் உயரத்தைக் கூட்டிக்கொண்டே போகவும் முடியாது. அளவுக்கு மீறினால் கப்பல் வெடுக் வெடுக்கென்று நிமிரும். கொள்கலன்களைக் கட்டிய கம்பிகள் அறும், ஆட்களின் எலும்பும் முறியும்.

என் கேள்விக்கு விடை கிடைத்தது ஒரு சாய்வுப் பரிசோதனையில். கப்பல் கட்டி முடியும் தறுவாயில், அதன் ஈர்ப்பு மையம் உண்மையில் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க இதைச் செய்வார்கள். காற்றில்லாத அதிகாலை. கட்டியிருந்த கயிறுகளைத் தளர்த்தினார்கள். தொட்டிகள் ஒன்றில் முழுதாக நிரம்பியிருக்க வேண்டும், அல்லது முழுதாகக் காலியாக இருக்க வேண்டும். தேவையில்லாத எல்லோரையும் இறக்கிவிட்டு, பாரக்கட்டைகளை நகர்த்த எங்களில் சிலரை மட்டும் வைத்துக்கொண்டார்கள். பொறியியலாளர் சிங்களத்தில் சொன்ன முதல் வார்த்தை, "யாரும் அசையக் கூடாது." எனக்குக் காசல்ரீ ஞாபகம் வந்தது.

நீளமான நூலில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அது ஆடாமலிருக்க எண்ணெய் வாளிக்குள் அமிழ்த்தியிருந்தார்கள். கட்டைகளை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நகர்த்தியதும் நூல் கொஞ்சம் விலகியது. அந்த விலகலை அளந்தார்கள், அவ்வளவுதான் பரிசோதனை. ஒரு எடுத்துக்காட்டுக் கணக்கு: 2,000 தொன் கப்பலில் 5 தொன் பாரத்தை 8 மீற்றர் குறுக்காக நகர்த்துகிறோம். 4 மீற்றர் நூலில் குண்டு 7 சென்றிமீற்றர் விலகுகிறது. 5 ஐ 8 ஆல் பெருக்கினால் 40. 7 சென்றிமீற்றரை 4 மீற்றரால் வகுத்தால் 0.0175. அதை 2,000 ஆல் பெருக்கினால் 35. நாற்பதை முப்பத்தைந்தால் வகுத்தால் 1.14. கப்பலின் மெட்டாசென்டர் உயரம் 1.14 மீற்றர். ஒரு நூல், ஒரு குண்டு, ஒரு வாளி எண்ணெய், ஒன்பதாம் வகுப்புக் கணக்கு. இவ்வளவு பெரிய கப்பலின் உயிர் நிலையை இதை வைத்துச் சொல்லிவிடலாம்.

தேநீர் இடைவேளையில் அந்தப் பொறியியலாளரிடம் எங்கள் படகுக் கதையைச் சொன்னேன். சீமெந்துப் பைக் கடதாசியின் பின்புறத்தில் கணக்கு எழுதிக் காட்டினார். படகு 300 கிலோ, பன்னிரண்டு பேர் சேர்ந்து 600 கிலோ என்று வைப்போம். பலகையில் உட்கார்ந்திருப்பவர் எழுந்தால் அவருடைய ஈர்ப்பு மையம் சுமார் 40 சென்றிமீற்றர் உயரும். எல்லோரும் எழுந்தால் படகும் ஆட்களும் சேர்ந்த 900 கிலோவின் ஈர்ப்பு மையம் ஏறக்குறைய 27 சென்றிமீற்றர் உயரும். சிறு படகொன்றின் மெட்டாசென்டர் உயரமே அவ்வளவுதான் இருக்கலாம். அது முழுவதும் போய்விட்டால் படகு நேராக நிற்க முடியாமல் ஏதாவதொரு பக்கம் சாய்ந்து, அந்தக் கோணத்திலேயே நிற்கும். எங்களுக்கு நடந்தது அதுவேதான். அந்த நேரத்தில் எல்லோரும் எதிர்ப்பக்கம் தாவினால், படகு மறுபக்கம் வேகமாகப் புரண்டு முழுதாகக் கவிழும். செய்ய வேண்டியது பாரத்தைக் கீழே கொண்டுவருவது மட்டும்தான். படகுக்காரர் கத்தியது முழுக்க முழுக்கச் சரி. அவர் எந்தப் பள்ளியிலும் இதைப் படித்தவரல்ல.

கவிழ்ந்தவை

1628 ஓகஸ்ட் 10 அன்று சுவீடன் மன்னரின் புதுப் போர்க்கப்பல் 'வாசா', ஸ்டொக்ஹோம் துறைமுகத்திலிருந்து முதன்முதலாகப் புறப்பட்டு ஏறக்குறைய 1,300 மீற்றர் மட்டுமே போய்க் காற்றில் சாய்ந்து மூழ்கியது. மேல் தளங்களில் பீரங்கிகள் அதிகம், அடிப்பாரம் போதாது. புறப்படுவதற்கு முன்பே முப்பது பேரைத் தளத்தில் பக்கத்துக்குப் பக்கம் ஓடவைத்துச் சோதித்தார்கள். மூன்றாவது ஓட்டத்தோடு கப்பல் பயங்கரமாக ஆடியதால் சோதனையை நிறுத்தினார்கள். நிறுத்தினார்களே தவிர, கப்பலை நிறுத்தவில்லை. மன்னர் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார்.

நமக்கு நெருக்கமான உதாரணம் தேக்கடி. முல்லைப் பெரியாறு அணையால் மலைக்குள் உண்டான நீர்த்தேக்கம் அது, நம் காசல்ரீ, மவுஸ்ஸாகலை போல. 2009 செப்டம்பர் 30 அன்று 'ஜலகன்யகா' என்ற இரட்டைத் தட்டுச் சுற்றுலாப் படகு அங்கே கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரு பக்கமாக நகர்ந்தபோது அது புரண்டது. பயணிகளை மட்டும் குற்றம் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. சுற்றுலாப் படகில் ஏறுபவர் விலங்கைப் பார்க்கத்தான் ஏறுகிறார். அவர் ஒரு பக்கம் போவார் என்று தெரிந்தே படகைக் கட்ட வேண்டும். மேல் தட்டில் ஆட்களை ஏற்றும் ஒவ்வொரு படகும் ஈர்ப்பு மையத்தை உயர்த்திய படகுதான்.

பாரம் உயர்வதை விட மோசமானது, பாரம் ஓடுவது. தட்டில் தேத்தண்ணிக் கோப்பைகளை வைத்துக்கொண்டு நடக்கலாம். அதே தேத்தண்ணியைத் தட்டிலேயே ஊற்றிவிட்டு நடந்து பாருங்கள். தட்டு எந்தப் பக்கம் சரிகிறதோ, தண்ணீர் முழுவதும் அந்தப் பக்கம் ஓடி இன்னும் சரிக்கும். அரைகுறையாக நிரம்பிய தொட்டி கப்பலுக்குச் செய்வது இதைத்தான். தொட்டியின் நடுவில் நீளவாக்கில் ஒரு சுவர் வைத்தால் இந்தக் கெடுதி கால்வாசியாகக் குறைந்துவிடும். சாய்வுப் பரிசோதனையில் தொட்டி முழுதாக நிரம்பியோ காலியாகவோ இருக்க வேண்டும் என்று சொன்னது இதனால்தான். 1987 மார்ச் 6 அன்று பெல்ஜியத்தின் சீபுரூகே துறைமுகத்திலிருந்து 'ஹெரால்ட் ஒவ் ஃப்ரீ என்டர்பிரைஸ்' என்ற கப்பல் முன்கதவை மூடாமல் புறப்பட்டது. குறுக்குச் சுவரே இல்லாத வாகனத் தளத்துக்குள் தண்ணீர் புகுந்து ஒரு பக்கமாக ஓடியது. 193 பேர் இறந்தார்கள்.

தென்கொரியாவின் 'செவோல்' 2014 ஏப்ரல் 16 அன்று கவிழ்ந்து 304 பேர் இறந்தார்கள். பெரும்பாலானோர் சுற்றுலா போன பாடசாலைப் பிள்ளைகள். மேலே கூடுதல் அறைகள் கட்டியிருந்தார்கள். சரக்கை அளவுக்கு மேல் ஏற்ற, அடிப்பாரத் தண்ணீரைக் குறைத்திருந்தார்கள். சரக்கைச் சரியாகக் கட்டவுமில்லை. மேலே பாரம், கீழே வெறுமை, நடுவில் ஓடும் சரக்கு. நான் இதுவரை எழுதிய எல்லாத் தவறும் ஒரே கப்பலில். 2025 மே 25 அன்று கொச்சிக்கு அருகே 640 கொள்கலன்களோடு 'எம்எஸ்சி எல்சா 3' மூழ்கியது. முதல் நாளே அது 26 பாகை சாய்ந்திருந்தது. அடிப்பாரத் தண்ணீர் அமைப்பில் ஏற்பட்ட கோளாறையே முதற்கட்டத் தகவல்கள் காரணமாகக் காட்டின. 24 மாலுமிகளும் காப்பாற்றப்பட்டார்கள்.

நம் நாட்டில் 2021 நவம்பர் 23 அன்று கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் படகுப் பாதை கவிழ்ந்து, பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பலர் இறந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். பாலம் கட்டி முடியும்வரை ஓடிய தற்காலிக ஏற்பாடு அது. தற்காலிகம் என்ற சொல்லைத் தண்ணீர் மதிப்பதில்லை.

ஒரு கோடு

பிரித்தானியாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டில், அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றி அனுப்பப்பட்ட கப்பல்களைச் சவப்பெட்டிக் கப்பல்கள் என்றார்கள். மூழ்கினாலும் முதலாளிக்குக் காப்புறுதிப் பணம் கிடைக்கும். சாமுவேல் பிலிம்சோல் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் இதற்கு எதிராகப் போராடியதால், 1876 இல் ஒவ்வொரு கப்பலின் பக்கத்திலும் பாரக்கோடு வரைய வேண்டும் என்ற சட்டம் வந்தது. அதிலும் ஒரு வேடிக்கை: கோட்டை எங்கே வரைவது என்பதை முதலாளியே முடிவு செய்யலாம். அது 1890 இல்தான் மாறியது. இன்று எந்தச் சரக்குக் கப்பலின் நடுப்பக்கத்திலும் குறுக்குக் கோடு போட்ட வட்டமொன்றையும், பக்கத்தில் ஏணிப்படிபோலச் சிறு கோடுகளையும் பார்க்கலாம். கோடைகாலக் கடல், குளிர்காலக் கடல், வெப்பவலயக் கடல், நன்னீர் என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் கோடு. துறைமுகத்தில் நிற்கும் யாரும் கண்ணால் பார்த்தே கப்பலில் பாரம் கூடிவிட்டதா என்று சொல்லலாம்.

'ஆதிலட்சுமி' மூழ்கியது அந்தச் சட்டத்துக்குப் பன்னிரண்டு வருடம் முன்பு. அந்த 120 பேர் ஏறும்போது பார்ப்பதற்கு ஒரு கோடு இருக்கவில்லை. எப்போதாவது கொழும்புத் துறைமுகம் போனால் அந்த வட்டத்தைத் தேடிப் பார்க்கும் பழக்கம் எனக்கு வந்தது அதை நினைத்துத்தான்.

கோடு பாரம் எவ்வளவு என்று சொல்லும், எந்த உயரத்தில் இருக்கிறது என்று சொல்லாது. அதனால்தான் 2016 ஜூலை 1 முதல் ஒவ்வொரு ஏற்றுமதிக் கொள்கலனின் நிறையையும் சரிபார்த்துக் கொடுத்த பிறகே கப்பலில் ஏற்ற வேண்டும் என்ற சர்வதேச விதி நடைமுறையில் இருக்கிறது. பாரமானது கீழே, இலேசானது மேலே. நம் தேயிலை இலேசான சரக்கு. அதன் மேலே ஒருவர் பொய் நிறை எழுதிய கொள்கலன் வந்தமர்ந்தால் கணக்கு முழுவதும் தப்பாகும். லயத்திலிருந்து மலைக்கு டிரக்டர் பெட்டியில் ஆட்களை நிற்கவைத்து ஏற்றிச் செல்வதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கணக்குத்தான் ஓடுகிறது. நிற்கும் ஆட்கள், சரிவு, வளைவு. தண்ணீர் இல்லையே தவிர ஈர்ப்பு மையம் அதேதான்.

போன வருடம், என்னைக் கரைசேர்த்த அந்தப் படகுக்காரரின் மகனோடு சேர்ந்து ஒரு வேலை செய்தேன். இப்போது படகு அவரிடம். எனக்கு மாமா முறை. உரப்பைகளில் 50 கிலோ வீதம் மணல் கட்டி, ஒரு பைக்கு ஓர் ஆள் என்று கணக்கு வைத்து, கரையோரத்தில் படகை நிறுத்தி ஒவ்வொன்றாக ஏற்றினோம். எட்டாவது பை ஏறியபோது படகின் விளிம்புக்கும் தண்ணீருக்கும் இடையே 30 சென்றிமீற்றர் இருந்தது. மூன்று பைகளை ஒரே பக்கம் தள்ளிப் பார்த்தோம். படகு சாய்ந்தது, ஆனால் விளிம்பு தண்ணீரைத் தொடவில்லை. பைகளைத் திரும்ப இழுத்ததும் நிமிர்ந்தது. ஒன்பதாவது பையோடு அதே சோதனையைச் செய்தபோது விளிம்புக்கும் தண்ணீருக்கும் நான்கு விரற்கடைதான் மிச்சம். மேலும் சிறு அலையொன்று போதும். ஒன்பதை இறக்கிவிட்டு, எட்டுப் பைக்குத் தண்ணீர் நின்ற இடத்தில் சிவப்புப் பெயின்றால் கோடு போட்டோம். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் அவருடைய மகள் கோட்டுக்குப் பக்கத்தில் 8 என்று எழுதினாள். உயிர்காப்பு அங்கி எட்டும் வாங்க வேண்டும் என்று சொன்னேன். இதுவரை மூன்று வந்திருக்கிறது.

"எல்லாம் சரி தம்பி, திருவிழா அன்னைக்கு என்னா செய்றது?" என்று மாமா கேட்டார்.

"ரெண்டு தடவை போய் வாங்க மாமா" என்றேன்.